ஒரே ஃபிரிட்ஜ், இரண்டு விலை: இந்தத் தள்ளுபடிக்கு யார் பணம் கட்டுகிறார்கள்?

மாம்பலத்தான் (கேள்வி)

ஃபிரிட்ஜ் விமர்சனம் என்று நினைத்து உள்ளே வந்தவர்கள் மன்னிக்கவும், இது வேறு விஷயம்.

போன தீபாவளி ஆஃபரில் ஊரில் இருக்கும் அம்மாவுக்காக ஆன்லைனில் ஒரு சிங்கிள் டோர் ஃபிரிட்ஜ் வாங்கினேன். கிரெடிட் கார்டுக்கு உடனடித் தள்ளுபடி, அதன் மேல் ரிவார்டு பாயின்ட், வீட்டுக்கே வந்து இறக்கி வைத்துவிட்டுப் போனார்கள். அதே மாதம் எங்கள் வீட்டில் சமையல் செய்யும் அக்கா அதே கம்பெனி, அதே மாடலைக் கடையில் தவணையில் எடுத்தார். அவரிடம் கார்டு கிடையாது. கொண்டுவந்த தாள்களை உட்கார்ந்து கூட்டிப் பார்த்தேன். பிராசஸிங் ஃபீஸ், அவர் கேட்காமலே சேர்த்திருந்த எக்ஸ்டெண்டட் வாரண்டி, ஒரு தவணை தவறியதற்கு அபராதம் எல்லாம் சேர்த்து என்னைவிட நாலாயிரத்துக்கு மேல் கட்டப் போகிறார். ஒரு வீட்டில் ஒரு மாதம் சமைத்தால் அவருக்குக் கிடைப்பது கிட்டத்தட்ட அவ்வளவுதான்.

இதோடு முடியவில்லை. அவர் இருப்பது வாடகை வீடு, மின்சாரத்துக்கு சப் மீட்டர், அதாவது வீட்டுக்காரர் தன் இணைப்பிலிருந்து பிரித்து வைத்த மீட்டர். வீட்டுக்காரர் யூனிட்டுக்கு இவ்வளவு என்று முதல் யூனிட்டிலிருந்தே வாங்குகிறார். அரசு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசமாகக் கொடுப்பது சொந்த வீட்டில் இருக்கும் எனக்கு வருகிறது, அவருக்கு வருவதில்லை. வாங்கும்போதும் அதிகம், ஓட்டும்போதும் அதிகம்.

என் மனைவி இதை வேறு மாதிரி பார்க்கிறாள். அந்த அக்காவின் அம்மா காலத்தில் ஃபிரிட்ஜ் என்றால் வேலைக்குப் போகிற வீட்டில் துடைத்து வைக்கிற பொருள், இன்று அது அவர் வீட்டிலேயே இருக்கிறது, அதை ஏன் நீங்கள் அழுகையாகப் பார்க்கிறீர்கள் என்கிறாள். அதுவும் சரிதான் என்று படுகிறது.

என் கேள்வி இதுதான். இந்த வாங்கு வாங்கு கலாச்சாரத்தில் சிலருக்கு லாபம், சிலருக்கு நஷ்டம் என்பது தற்செயலா, இல்லை அப்படித்தான் கட்டி வைத்திருக்கிறார்களா? எளிமையாக வாழுங்கள் என்கிற உபதேசம் வேண்டாம், அது வாட்ஸப்பில் தினமும் வருகிறது. உள்ளே இருந்து பார்த்தவர்கள் யாராவது பணம் எங்கிருந்து எங்கே போகிறது என்று சொன்னால் நல்லது.

கவுன்டர் பாலா

மதுரையில் ஒரு ஷோரூமில் ஃபைனான்ஸ் டெஸ்க்கில் உட்கார்ந்து சில வருஷம் லோன் போட்டுக் கொடுத்தவன் நான். எங்கே என்று சொல்லப் போவதில்லை, எல்லா இடத்திலும் கதை ஒன்றுதான்.

முதலில் உங்கள் கார்டு தள்ளுபடி. பெரிய கடைகளில் கார்டு தேய்த்தால் கடைக்காரர் தொகையில் ஏறக்குறைய 2 சதவீதம் வங்கிக்கும் கார்டு நெட்வொர்க்குக்கும் விட வேண்டும். யுபிஐயில் வங்கிக் கணக்கிலிருந்து நேராகக் கட்டினால் 2020 ஜனவரியிலிருந்து அந்தக் கட்டணமே கிடையாது. ஆனால் கடையில் ஒட்டியிருக்கும் விலை எல்லாருக்கும் ஒன்றுதானே? ரொக்கமாகக் கட்டுகிறவரும் அந்த 2 சதவீதத்தைச் சேர்த்துத்தான் கட்டுகிறார், உங்கள் ரிவார்டு பாயின்டில் ஒரு பகுதி அங்கிருந்து வருகிறது. இன்னொரு பகுதி, கார்டு பில்லை முழுசாகக் கட்ட முடியாமல் மினிமம் மட்டும் கட்டிக்கொண்டு ஓடுகிறவர்களிடமிருந்து. மாதத்துக்கு மூன்று, மூன்றரை சதவீதம், வருஷத்துக்கு 40-ஐத் தொடும். 30 சதவீதத்துக்கு மேல் வாங்குவது நியாயமற்ற வணிகம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-ல் சொன்னதை உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் ரத்து செய்துவிட்டது. ஆக, மாதா மாதம் முழுசாகக் கட்டி பாயின்ட் சேர்க்கிற உங்களுக்குக் கார்டு கம்பெனி கொடுப்பது வேறொரு கார்டுக்காரரின் வட்டிப் பணம்.

அடுத்தது நோ காஸ்ட் ஈஎம்ஐ. வட்டி இல்லாமல் யாரும் பணம் கொடுப்பதில்லை. பெரும்பாலும் அந்த வட்டியைத் தயாரிப்பாளரோ கடையோ ஃபைனான்ஸ் கம்பெனிக்குக் கொடுத்துவிடும், அது முன்னாலேயே விலைக்குள் உட்கார்ந்திருக்கும். ஆர்பிஐ 2013 செப்டம்பரில் வங்கிகளுக்கு இதைத்தான் எழுதியது: பூஜ்ய சதவீத வட்டி என்று ஒன்று கிடையாது, வட்டியைக் கட்டணத்துக்குள் ஒளிக்காதீர்கள், தயாரிப்பாளர் தள்ளுபடி தந்தால் அதைப் பொருளின் விலையில் குறைத்துக் கொடுங்கள் என்று. இன்றும் ஆன்லைனில் நோ காஸ்ட் என்று போட்டிருப்பதை விரித்துப் பாருங்கள், வட்டி தனியாக இருக்கும், அதே அளவு தள்ளுபடி தனியாக இருக்கும், அந்த வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி மட்டும் உங்கள் தலையில் இருக்கும்.

இனி அந்த அக்கா விஷயம். அவருக்குச் சம்பளம் ரொக்கமாக, ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு தேதியில் வரும். தவணையோ 2-ந் தேதியோ 5-ந் தேதியோ அக்கவுன்ட்டிலிருந்து தானாக எடுக்கப்படும். அன்றைக்கு அக்கவுன்ட்டில் நூறு ரூபாய் குறைந்தாலும் பவுன்ஸ்தான், தவணை எடுக்க முடியாமல் திரும்பிவிடும். ஃபைனான்ஸ் கம்பெனி ஒரு பவுன்ஸ் சார்ஜ் போடும், வங்கி தன் பங்குக்கு ஒன்று போடும், இரண்டுக்கும் ஜிஎஸ்டி. பணம் இல்லை என்பதல்ல பிரச்சினை, பணம் பர்ஸில் இருக்கிறது, அக்கவுன்ட்டில் இல்லை, அவ்வளவுதான். அப்புறம் சிபில் ஸ்கோர், அதாவது கடனை ஒழுங்காகக் கட்டுகிறாரா என்று காட்டும் மதிப்பெண், இறங்கும், அடுத்த லோனுக்கு டவுன் பேமென்ட் கூடும். தவணை தவறினால் போனையே பூட்டிவிடுகிற ஆப் போட்டுக் கொடுத்த லோன்களும் உண்டு.

எக்ஸ்டெண்டட் வாரண்டியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எங்களுக்கு மாதத்துக்கு இத்தனை என்று டார்கெட் இருந்தது. இன்ஜினியர் மாதிரி வருகிறவரிடம் யாரும் அதைத் தள்ள மாட்டார்கள், ஒவ்வொரு வரியாகக் கேட்பார். ஆங்கில ஃபாரத்தில் எங்கே கையெழுத்து என்று மட்டும் கேட்கிறவரிடம்தான் அது சேரும். யாரும் உட்கார்ந்து திட்டம் போட்டு ஏழையைப் பிடி என்று சொல்வதில்லை. டார்கெட் இருந்தால் போதும், அது தானாக அங்கே போய்ச் சேரும்.

கணக்கு வாத்தியார்

பாலா சொன்ன விவரங்களில் எனக்கு மறுப்பு இல்லை, ஆனால் முடிவில் இருக்கிறது. பதினைந்தாயிரம் ரூபாய் கடனுக்கும் ஒன்றரை லட்சம் கடனுக்கும் ஃபாரம் ஒன்று, கேஒய்சி என்கிற அடையாளச் சரிபார்ப்பு ஒன்று, வசூலுக்குப் போகிற ஆள் ஒன்று. சின்னக் கடனில் செலவு விகிதம் கூடத்தான் செய்யும். சம்பளச் சான்று இல்லாதவருக்குக் கடன் தருவதில் ஆபத்து அதிகம், அதனால் விலை அதிகம். இதை எல்லாம் தடுத்தால் ஃபைனான்ஸ் கம்பெனி போய்விடும், கந்து வட்டிக்காரர் வருவார். மீட்டர் வட்டி, ரன் வட்டி எல்லாம் பார்த்த ஊரில் உட்கார்ந்துகொண்டு ஈஎம்ஐயைத் திட்டுவது விநோதம்.

இன்னொன்று. ஏழைக்கு எப்போதும் விலை அதிகம் என்பதும் உண்மை இல்லை. ஷாம்பு பாக்கெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கடலூரில் சின்னி கிருஷ்ணன் தொடங்கி வைத்து, அவர் மகன்கள் பெரிதாக்கிய வியாபாரம் அது. இன்று பல பிராண்டுகளில் ஒரு ரூபாய் பாக்கெட்டை மில்லி கணக்குப் போட்டுப் பாருங்கள், பாட்டிலைவிட மலிவு. பாட்டில் வாங்குகிறவர்தான் ஏமாளி. மொபைல் டேட்டாவும் அப்படித்தான், 2016-ல் ஜியோ வந்த பிறகு விலை விழுந்தது எல்லாருக்கும்தானே?

போட்டி இருக்கிற இடத்தில் ஏழைக்கு லாபம், போட்டி இல்லாத இடத்தில் நஷ்டம். இதில் கலாச்சாரம் எங்கே வருகிறது?

வியாசர்பாடி வாசு

வாத்தியார் சார், பாக்கெட் மலிவு, ஒத்துக்கொள்கிறேன். தலை குளித்த பிறகு அந்த பாக்கெட் எங்கே போகிறது என்றும் ஒரு வரி சேர்த்திருக்கலாம். பல அடுக்கு பிளாஸ்டிக், அதை எடைக்குக்கூட எவரும் எடுக்க மாட்டார்கள். பழைய பேப்பர்காரர் பாட்டிலை எடுப்பார், பாக்கெட்டைக் காலால் தள்ளிவிட்டுப் போவார். சென்னை குப்பை எல்லாம் வந்து சேரும் இடம் இரண்டு, பெருங்குடியும் எங்கள் பக்கத்துக் கொடுங்கையூரும். அண்ணா நகரில் ஆன்லைனில் வந்த அட்டைப் பெட்டியும் தெர்மாகோலும் எங்கள் ஜன்னலுக்கு எதிரே எரிகிற வாடைதான் எங்களுக்கு வருகிற டெலிவரி. குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கிறோம் என்று ஆலை வைக்கப் பார்த்தார்கள், 2025-ல் ஜனங்கள் கைகோத்து நின்று எதிர்ப்பு தெரிவித்தார்கள்.

2019 ஜனவரி 1-ல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை வந்தது ஞாபகம் இருக்கிறதா? தள்ளுவண்டிக்காரரிடம் கேரி பேக் பிடித்து அபராதம் போட்டார்கள். கம்பெனியில் அடைத்தே வருகிற பாக்கெட்டுக்கு அப்போது விலக்கு, 2020-ல்தான் அந்த விலக்கை எடுத்தார்கள். பூ விற்கிறவருக்கு முதல் நாளே சட்டம், கம்பெனிக்கு ஒன்றரை வருஷம் கழித்து. எடுத்த பிறகும் பெட்டிக்கடையில் தொங்குகிற சரம் அப்படியே தொங்குகிறது.

தென்காசிப் பொண்ணு

எல்லாரும் வாங்குகிறவர் பக்கம் நின்றே பேசுகிறீர்கள். விற்கிறவர் பக்கமும் கொஞ்சம் பாருங்கள். கல்யாணத்துக்கு முன் தி. நகரில் ஒரு துணிக்கடையில் சேலைப் பிரிவில் இருந்தேன். எங்கள் ஊரிலிருந்து ஏஜென்ட் மூலம் கூட்டமாகப் போனோம், ஹாஸ்டல், மெஸ் எல்லாம் கடையே பார்த்துக்கொள்ளும், அதாவது சம்பளத்தில் பிடித்துக்கொள்ளும். காலையில் கடை திறப்பதற்கு முன்னால் நிற்க ஆரம்பித்தால் இரவு ஷட்டர் இறக்கும்வரை நிற்பதுதான். கஸ்டமர் இல்லாத நேரத்திலும் உட்காரக் கூடாது, சாயக் கூடாது. பாத்ரூமுக்குப் போனால் நேரம் பார்ப்பார்கள், அதனால் தண்ணீர் குடிக்காமல் இருந்து சிறுநீர்த் தொற்று வராத பெண் எங்கள் அறையில் கிடையாது. கணுக்காலில் நரம்பு சுருண்டு நிற்கும், சிலருக்கு இன்றும் இருக்கிறது.

உட்காருவது உரிமை என்று ஒரு சட்டம் போட வேண்டியிருந்தது பாருங்கள். கேரளத்தில் கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் துணிக்கடைப் பெண்கள் சண்டை போட்டார்கள், பெண்கூட்டு என்று ஒரு அமைப்பு, அதன் பிறகு 2018-ல் அங்கே சட்டத்தைத் திருத்தினார்கள். தமிழ்நாட்டில் 2021 செப்டம்பரில், கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்று ஒரு பிரிவு சேர்த்து, எல்லாக் கடையிலும் ஊழியருக்கு இருக்கை வைக்க வேண்டும் என்றார்கள். இப்போது போய்ப் பாருங்கள், ஸ்டூல் இருக்கிறது. அதில் எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். பல இடத்தில் மடிக்காத சேலைதான் அதன் மேல் உட்கார்ந்திருக்கிறது.

இதில் எனக்கே விளங்காத ஒரு சிக்கல் உண்டு. வந்த கஸ்டமர் எல்லாரும் பணக்காரர் கிடையாது. பொங்கலுக்கு முன்னூறு ரூபாயில் ஒரு சேலை கிடைக்கும் என்று மூன்று பஸ் மாறி வந்தவர்களும் உண்டு, எங்கள் அம்மாவும் அப்படி வாங்குகிறவர்தான். அந்த விலைக்குச் சேலை வர வேண்டும் என்றால் நூற்பாலையில் யாரோ குறைந்த கூலிக்கு நிற்க வேண்டும். திண்டுக்கல், ஈரோடு, கோயம்புத்தூர் பக்கம் சுமங்கலித் திட்டம் என்று ஓடியதே, வயசுக்கு வந்த பெண்ணை மூன்று வருஷத்துக்கு மில் ஹாஸ்டலில் வைத்து, முடியும்போது கல்யாணச் செலவுக்கு மொத்தமாக முப்பதோ ஐம்பதோ ஆயிரம் தருவார்கள், நடுவில் உடம்பு முடியாமல் வந்துவிட்டால் அந்தப் பணம் போச்சு. எங்கள் தெருவில் ஒருத்தி மில்லுக்குப் போனாள், நான் கடைக்கு வந்தேன், அவள் அம்மாவும் என் அம்மாவும் அந்த மலிவுச் சேலையைக் கட்டினார்கள். அதனால் வாத்தியார் சொல்கிற மாதிரி மலிவு என்றால் ஏழைக்கு லாபம் என்று ஒரு வரியில் எழுத எனக்கு வரவில்லை. சாயப்பட்டறைத் தண்ணீர் நொய்யல் ஆற்றில் போய், ஒரத்துப்பாளையம் அணை விஷத் தொட்டியாகி, கீழே இருந்த விவசாயிகள் வழக்குப் போட்டு, 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதே, அந்த விவசாயியும் பனியன் போடுகிறவர்தான்.

ஆனால் ஒன்று நிச்சயம். கடை முதலாளி எந்தப் பக்கமும் மாறி நின்றதில்லை.

மாம்பலத்தான்

எல்லாருக்கும் நன்றி. தென்காசி சகோதரி சொன்னதை வீட்டில் சத்தமாகப் படித்துக் காட்டினேன். பாலா, இடையில் ஒரு கேள்வி. அடுத்த தடவை அந்த அக்கா எதாவது வாங்க வேண்டும் என்றால் என் கார்டிலேயே வாங்கிக் கொடுத்து, மாதா மாதம் சம்பளத்தில் கழித்துக்கொண்டால் அவருக்குத் தள்ளுபடி கிடைக்குமே, பவுன்ஸ் பிரச்சினையும் இருக்காது. செய்யலாமா?

தென்காசிப் பொண்ணு

பாலாவைக் கேட்டீர்கள், நான் பதில் சொல்கிறேன். அவருக்கு வேறு வீட்டில் ஐந்நூறு கூடக் கொடுக்கிறேன் என்றால், உங்கள் கடன் பாக்கி இருக்கும்போது போக முடியுமா? மில்லிலும் அப்படித்தான் பிடித்து வைத்தார்கள். நீங்கள் நல்லவர், அது வேறு. கார்டில் வாங்கிக் கொடுங்கள், தள்ளுபடியும் அவருக்குப் போகட்டும், ஆனால் சம்பளத்தில் கழிக்காதீர்கள். முழுச் சம்பளத்தைக் கையில் கொடுங்கள், தவணையை அவர் தனியாகத் தரட்டும். பில்லும் வாரண்டியும் அவர் பேரில் இருக்கட்டும்.

அண்ணாச்சி கடை

குரோம்பேட்டைப் பக்கம் அப்பா காலத்திலிருந்து மளிகை. தூத்துக்குடி பூர்வீகம், சொல்ல வேண்டியதே இல்லை. பத்து நிமிட டெலிவரி வந்த பிறகு எங்களுக்கு வியாபாரம் போச்சு என்று எல்லாரும் எழுதுகிறார்கள், அது பாதிக் கதை.

எங்கள் கடையில் இரண்டு வகை வாடிக்கை. அபார்ட்மென்ட்காரர்கள் மாத முதல் வாரத்தில் லிஸ்ட் போட்டு மொத்தமாக வாங்கிப் பணத்தைக் கட்டிவிடுவார்கள். இன்னொரு வகை, கட்டட வேலை, வாட்ச்மேன், வீட்டு வேலை. இவர்களுக்கு நோட்டு. காலையில் கால் கிலோ சர்க்கரை, ரெண்டு முட்டை, சனிக்கிழமை கூலி வந்தால் பாதி கட்டுவார்கள், மழை வந்தால் அதுவும் இல்லை. இந்தக் கடனுக்கு அப்பா ஒரு பைசா வட்டி வாங்கியதில்லை. எப்படி முடிந்தது? அபார்ட்மென்ட் பணம் முதல் வாரத்திலேயே கைக்கு வந்துவிடும், அதை வைத்து மொத்தக் கடைக்குக் கட்டிவிடுவோம், மீதி மாதம் முழுக்க நோட்டு ஓடும். வசதியானவர்கள் வாங்கிய பாஸ்மதியும் முந்திரியும்தான் வசதி இல்லாதவர்களின் அரிசிக் கடனைத் தாங்கியது, யாரும் அதை அப்படி நினைத்துச் செய்யவில்லை.

இப்போது அந்த முதல் வகை ஆப்புக்குப் போய்விட்டது. சில பொருட்களை ஆப்பில் விற்கிற விலைக்கு டிஸ்ட்ரிபியூட்டர் எனக்கே தருவதில்லை, ஆஃபர் போடும்போது நாங்களே ஆப்பில் வாங்கி வந்து கடையில் வைத்து விற்ற கதை உண்டு, சிரிக்காதீர்கள். மிச்சம் இருப்பது நோட்டு வாடிக்கை. முதல் வாரப் பணம் இல்லாமல் நோட்டை ஓட்ட முடியாது, அதனால் கடன் கொடுப்பதைக் குறைத்துவிட்டேன். ஆஃபர் கிடைத்தது மூன்றாவது மாடிக்கு, கடன் நின்றது வாட்ச்மேன் வீட்டுக்கு. மூன்றாவது மாடிக்காரருக்கு இது தெரியவே தெரியாது, அவர் மேல் எனக்குக் கோபமும் இல்லை. நானே அவர் இடத்தில் இருந்தால் ஆப்பில்தான் வாங்குவேன்.

அதற்காக அண்ணாச்சி கடையைக் கோயில் ஆக்க வேண்டாம். ஊரிலிருந்து கூட்டி வந்த பையன்கள் காலை ஐந்து மணிக்கு எழுந்து ராத்திரி பதினொன்று வரை நின்றார்கள், ஞாயிறும் கிடையாது. எங்களிடம் பொட்டலம் கட்டிய ஒரு தம்பி இன்று டெலிவரி பேக் மாட்டிக்கொண்டு போகிறான். கேட்டால், அங்கே யாரும் என்னை டேய் என்று கூப்பிடுவதில்லை, வேண்டாத நாளில் ஆப்பை அணைத்துவிடுவேன் என்கிறான். பெட்ரோலும் அவன் செலவு, விழுந்து கையை உடைத்துக்கொண்டால் அதுவும் அவன் செலவு. இந்த வேலைக்காரர்களுக்குத் தமிழ்நாட்டில் 2023-ல் தனி நலவாரியம் வைத்தார்கள், பதிவு செய் என்று நான்தான் சொல்லிக்கொண்டே இருக்கிறேன், செய்கிற பாடாக இல்லை.

தருமபுரியான்

இந்த இழையில் ஒரு விஷயம் விடுபட்டிருக்கிறது, மாம்பலத்தாரின் வீட்டம்மா மட்டும் அதைத் தொட்டிருக்கிறார்.

வாங்குவது என்பது எல்லாருக்கும் ஒரே மாதிரி விஷயம் இல்லை. இன்றைய கன்னியாகுமரி மாவட்டம் அன்று திருவிதாங்கூரில் இருந்தபோது நாடார் பெண்கள் மார்பை மறைக்கத் துணி போடுவதற்கே பல வருஷம் அடிபட்டார்கள், 1859-ல்தான் அரசர் அறிக்கை வந்தது, அதிலும் மேல்சாதிப் பெண்கள் உடுத்துகிற மாதிரி உடுத்தக் கூடாது என்று ஒரு நிபந்தனை. செருப்பு, குடை, சைக்கிள், தோளில் துண்டு, இதில் எதை யார் எந்தத் தெருவில் போடலாம் என்று ஊர் முடிவு செய்த நாடு இது. சந்தை என்ன செய்தது? காசு கொடுத்தால் செருப்பைக் கொடுத்தது, ஊர்ப் பெரியவரைக் கேட்டுவிட்டு வா என்று சொல்லவில்லை. அதனால் நுகர்வுக் கலாச்சாரம் நம்மைக் கெடுத்துவிட்டது என்று யாராவது ஆரம்பித்தால் முதலில் நம்மை என்றால் யாரை என்று கேட்கத் தோன்றுகிறது.

ஆனால் அதற்கு இன்னொரு பக்கமும் எங்கள் மாவட்டத்தில்தான் நடந்தது. 2012 நவம்பர் 7, நாய்க்கன்கொட்டாய் பக்கம் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி, மூன்று தலித் குடியிருப்புகளைக் கொளுத்தினார்கள். சாதி மாறிய ஒரு கல்யாணம்தான் காரணம் என்றார்கள். பெங்களூருக்கும் வேறு ஊருக்கும் வேலைக்குப் போய்ச் சேர்த்த பீரோ, டிவி, பைக், அதற்குள் வைத்திருந்த நகை, எல்லாவற்றையும் தேடி உடைத்தார்கள், எடுத்தார்கள், எரித்தார்கள். அதற்குக் கொஞ்ச நாள் கழித்து ஒரு கட்சித் தலைவர், இந்தப் பையன்கள் ஜீன்ஸும் டி-ஷர்ட்டும் கூலிங் கிளாஸும் போட்டுப் பெண்களை மயக்குகிறார்கள் என்று பேசினார். அதே ஜீன்ஸை அவர் வீட்டுப் பிள்ளை போட்டால் அது வெறும் ஜீன்ஸ்தான்.

கடையில் காசு கொடுக்கும்போது எல்லாரும் சமம், வாங்கியதை மாட்டிக்கொண்டு வீதியில் இறங்கும்போது சமம் இல்லை. அதனால் என் போன்றவர்கள் மற்றவர்களைவிட அதிகமாகவே செலவு செய்ய வேண்டியிருக்கிறது. வசதியான வீட்டுப் பையன் கிழிந்த ஜீன்ஸும் ரப்பர் செருப்புமாக இன்டர்வியூவுக்குப் போனால் ஸ்டார்ட்அப் ஆள் என்பார்கள். நான் அப்படிப் போனால் வாட்ச்மேன் கேட்டிலேயே நிறுத்துவார். என் முதல் சம்பளத்தில் தவணை போட்டு வாங்கியது ஷூவும் ஃபோனும்தான், ஆடம்பரம் என்று மாமா திட்டினார். எனக்கு அது கேட் பாஸ்.

கடைசியாக ஒன்று, இது கோபம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள். 2006-ல் கலர் டிவி, 2011-ல் மிக்ஸி, கிரைண்டர், ஃபேன் கொடுத்தபோது எவ்வளவு கேலி செய்தார்கள், ஓசியில் வாங்கிச் சோம்பேறி ஆகிறார்கள் என்று. என் அம்மா கூலி வேலையிலிருந்து வந்து ஆட்டுக்கல்லில் உட்கார வேண்டியிருந்தது அந்த கிரைண்டரோடு நின்றது. பாலா சொன்ன கணக்குப்படி பார்த்தால் ரொக்கம் கட்டுகிறவர் காசில் பத்து சதவீதம் கேஷ்பேக் வாங்குகிறவரும் ஓசி வாங்குகிறவர்தான். அவருக்கு அது சாமர்த்தியம், எங்கள் வீட்டுக்கு வந்தால் இலவசம்.

கணக்கு வாத்தியார்

தருமபுரியான் சொன்னதில் பாதி என் வாதத்துக்குத்தான் வலு சேர்க்கிறது, சந்தை சாதி கேட்காது என்பதைத்தானே நானும் சொல்கிறேன். வீதி கேட்கிறது என்றால் அது வீதியின் குற்றம்.

அண்ணாச்சி சொன்ன நோட்டுக் கணக்கு மட்டும் என்னை யோசிக்க வைக்கிறது. விலையில் போட்டி இருக்கிறது, ஆனால் கடனில் அந்த ஆப் போட்டி போடவே இல்லை, லாபமான பாதியை மட்டும் எடுத்துக்கொண்டது. அதை எந்த விலைப் பட்டியலிலும் பார்க்க முடியாது. இதற்கு என்ன செய்யலாம் என்று யாராவது எழுதினால் படிக்கிறேன். தடை செய் என்பதைத் தவிர.

புதுசு

வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், ஒரு அவசரம். என் தங்கை அடுத்த வாரம் தவணையில் வாஷிங் மெஷின் எடுக்கிறாள். கார்டு இல்லை. கவுன்டரில் என்ன கேட்க வேண்டும் என்று பாலா அண்ணன் சொன்னால் உதவியாக இருக்கும்.

கவுன்டர் பாலா

முதலில் தவணையைப் பற்றியே பேச வேண்டாம், ரொக்கத்துக்கு என்ன விலை என்று கேட்கச் சொல்லுங்கள். பண்டிகை முடிந்த வாரம் என்றால் சேல்ஸ்மேன் ஒரு விலை இறங்குவார். அந்த விலையைப் பில் பின்னால் எழுதி வாங்கிக்கொண்ட பிறகு தவணைக்கு மொத்தம் எவ்வளவு என்று கேட்கட்டும், டவுன் பேமென்ட், பிராசஸிங் ஃபீஸ், எல்லாத் தவணையும் சேர்த்து ஒரே எண்ணாக. இரண்டுக்கும் வித்தியாசம்தான் வட்டி, அவர்கள் அதற்கு என்ன பேர் வைத்தாலும் சரி. கடன் கொடுக்கிறவர் எல்லாச் செலவும் அடங்கிய ஒரு தாளை, கீ ஃபேக்ட் ஸ்டேட்மென்ட் என்பார்கள், கையெழுத்துக்கு முன்னால் கொடுத்தாக வேண்டும், அவளுக்குப் புரிகிற மொழியில் கேட்கலாம். வாரண்டி, இன்ஷூரன்ஸ் வேண்டாம் என்றால் வாயால் சொன்னால் போதாது, பில்லில் அந்தப் பேரில் எதுவும் சேர்க்காமல் இருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும்.

தவணைத் தேதியைச் சம்பளம் வருகிற தேதிக்குப் பிறகு வைக்க முடியுமா என்று முதலிலேயே கேட்கச் சொல்லுங்கள், சில கம்பெனி ஒத்துக்கொள்ளும், லோன் ஓடத் தொடங்கிய பிறகு கேட்டால் நடக்காது. கடைசித் தவணை கட்டிய பிறகு, பாக்கி எதுவும் இல்லை என்கிற என்ஓசி கடிதத்தை வாங்கி வைக்க வேண்டும், அது இல்லாமல் கணக்கு சிபிலில் முடியாமல் தொங்கி, அடுத்த லோனுக்கு வந்து அழுதவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். தங்கைக்கு எந்த ஊர்? மதுரை என்றால் தனிச் செய்தி போடுங்கள், எந்தக் கடையில் விலை இறங்குவார்கள் என்று சொல்கிறேன்.